பதில் சொல்லும் கடமை: கரியாலூர் மலையும் மெத்தனால் கணக்கும்

கல்வராயன் மலையைப் பற்றி நாளிதழ்களில் வெளியாகும் செய்திகளை ஓராண்டுக் காலம் தொகுத்துப் படிப்பவர், அம்மலையில் இரண்டே தொழில்கள் நடைபெறுகின்றன என்ற முடிவுக்கு வரக்கூடும். ஒன்று சாராயம் காய்ச்சுதல். மற்றொன்று அதைக் காவல்துறையினர் அழித்தல். கரியாலூர் காவல் நிலைய எல்லைக்குட்பட்ட ஓர் ஓடையருகே பேரல்களில் இருந்த ஊறல் கொட்டி அழிக்கப்பட்டது, லாரி டியூப்களில் கடத்தப்பட்ட சாராயம் பிடிபட்டது, ஒருவர் கைது, மற்றவர்கள் தலைமறைவு என்று செய்தியின் வாசகம்கூடப் பெரும்பாலும் மாறுவதில்லை. மரவள்ளியும் சாமையும் தினையும் விளைவித்து, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மலை, பொதுமனத்தில் ஒரு குற்றத்தலமாகவே பதிந்துவிட்டது.

இந்தப் பதிவு எவ்வாறு உண்டாயிற்று, அது யாருடைய பொறுப்பை மறைக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் நிகழ்ந்த பெருந்துயரத்தின்போது, மலையை நோக்கி நீண்ட விரல்கள் அளவுக்கு, தொழிற்சாலைக் கிடங்குகளையும் உரிமம் வழங்கும் அலுவலகங்களையும் நோக்கி விரல்கள் நீளவில்லை என்று கருதுகிறோம்.

நடந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். கள்ளக்குறிச்சி நகரின் நடுவே, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகிலுள்ள கருணாபுரத்தில், பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்த கூலித் தொழிலாளர்கள் ஜூன் 19 முதல் அடுத்தடுத்து இறந்தனர். மாதவச்சேரி, சேஷசமுத்திரம் ஆகிய ஊர்களிலும் உயிர்கள் போயின. இறந்தோர் தொகை அறுபத்தைந்தைக் கடந்தது. பெண்களும் அவர்களுள் அடங்குவர். அரசு, மாவட்ட ஆட்சியரை இடமாற்றம் செய்தது; காவல் கண்காணிப்பாளரைப் பணியிடை நீக்கம் செய்தது; இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கியது; ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. வழக்கைச் சிபிசிஐடியிடம் ஒப்படைத்தது. ஜூன் 29 அன்று மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க அது வழிசெய்கிறது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுக் கழகத்துக்கு மாற்றியது. அதை எதிர்த்த மாநில அரசின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் டிசம்பரில் ஏற்க மறுத்தது.

இந்நடவடிக்கைகளில் எதையும் பயனற்றது என்று நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் இவை அனைத்தும் சேர்ந்தும், ஒரு முதன்மையான வினாவுக்கு விடையாகவில்லை. கருணாபுரத்தில் மக்களைக் கொன்றது எது?

மலையில் காய்ச்சப்படும் சாராயம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் விடை எளிது. வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்து, நொதித்த பின் காய்ச்சி வடிக்கும்போது கிடைப்பது எத்தனால். அது உடலுக்கும் குடும்பத்துக்கும் கேடு விளைப்பது என்பதில் நமக்கு இருவேறு கருத்துகள் இல்லை. எனினும் வெல்ல ஊறலிலிருந்து ஓர் ஊரையே ஓரிரவில் மாய்க்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. மெத்தனால் தொழிற்சாலையில் தயாராவது. பெயின்ட், தின்னர், பிசின், பார்மால்டிஹைடு, மருந்து ஆகியவற்றின் உற்பத்திக்கு வேண்டியது. நிறத்திலும் மணத்திலும் எத்தனாலை ஒத்திருப்பதாலும், விலை குறைவாக இருப்பதாலும், சாராய வியாபாரி அதைக் கலக்கத் துணிகிறான். குடித்தவரின் கல்லீரலில் அது பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அவ்வமிலம் பார்வை நரம்பை அழிக்கிறது. இரத்தத்தை அமிலமாக்கி உயிரைப் பறிக்கிறது. இம்மாற்றத்துக்குச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகும். அந்த இடைவெளிக்குள் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் கிடைத்தால் பலரைக் காப்பாற்ற முடியும்.

இந்த மருத்துவ உண்மைக்கு ஆட்சிமுறை சார்ந்த ஒரு பொருளும் உண்டு. முதல் மரணங்கள் நிகழ்ந்தபோது, கள்ளச்சாராயம் காரணமன்று என்று மாவட்ட நிர்வாகம் கூறியதாகப் பரவலாகச் செய்தி வெளியாயிற்று. சாதாரணக் குற்ற வழக்கொன்றில் தொடக்கநிலை மறுப்பு ஒரு தவறான கூற்று மட்டுமே. மெத்தனால் நஞ்சில் அந்த மறுப்பு, குடித்துவிட்டு வீட்டில் படுத்திருப்பவனை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்துவிடும். உண்மையை உடனே ஒப்புக்கொள்வது என்பது அரசியல் நாகரிகம் சார்ந்த ஒன்று மட்டுமன்று. அது சிகிச்சையின் முதற்படி. அதிகாரி இடமாற்றம் பெற்றுச் செல்வதால் இந்தக் கணக்கு நேராகிவிடாது. பணியிடை நீக்கம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டதைக் குறித்து உயர்நீதிமன்றமே கேள்வி எழுப்ப நேர்ந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இனி இரண்டாவது வினா. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதேவிதமாக இறந்தனர். அப்போது காவல்துறையே, அவர்கள் அருந்தியது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அறிவித்தது. ஆக, நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பது அரசுக்குத் தெரிந்த பிறகு, அடுத்த பேரிழப்புக்கு முன் பதின்மூன்று மாதங்கள் இருந்தன. அந்தப் பதின்மூன்று மாதங்களில் மெத்தனால் இருப்புப் பதிவேடுகள் எத்தனை சரிபார்க்கப்பட்டன, எத்தனை உரிமங்கள் மறுஆய்வு செய்யப்பட்டன, எவ்வளவு கணக்கில் வராமல் போயிற்று என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். பொதுவிவாதமோ எந்தக் கட்சியின் ஆட்சியில் எத்தனை பேர் இறந்தனர் என்ற ஒப்பீட்டிலேயே பெரும்பாலும் தேங்கி நின்றது.

மெத்தனாலைக் கட்டுப்படுத்தச் சட்டமே இல்லை என்று யாரும் கூற முடியாது. இயற்கை மாற்றப்பட்ட எரிசாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்கான தமிழ்நாடு விதிகள் 1959-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டன. ஆனால் 1959-இன் தொழில்துறை வேறு, இன்றையது வேறு. இந்தியா தனக்குத் தேவையான மெத்தனாலில் மிகப் பெரும்பகுதியை மேற்காசிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. துறைமுகத் தொட்டியிலிருந்து டேங்கர் லாரிக்கும், மொத்த வியாபாரிக்கும், சிறு வியாபாரிக்கும், இறுதியாகத் தொழிற்கூடத்துக்கும் அது கைமாறுகிறது. சுங்கம் மத்திய அரசிடம். உரிமம் மாநில அரசிடம். தொழிற்சாலைப் பாதுகாப்பு ஒரு துறையிடம். மாசுக் கட்டுப்பாடு வேறொரு வாரியத்திடம். குற்றம் நிகழ்ந்த பின் காவல்துறையிடம். பொறுப்பு இத்தனை கூறுகளாகப் பிரிந்திருக்கும்போது, ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடிகிறது. அந்தப் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் கடமையை யாரும் தம்முடையதாக ஏற்றதாகத் தெரியவில்லை.

மத்திய, மாநில அரசுகளின் அதிகார எல்லை பற்றிய நெடுநாள் ஐயமும் இப்போது பெருமளவு நீங்கிவிட்டது. தொழிற்சாலைச் சாராயத்தின் மீது மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்ற பொருள்பட 1989-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பை, 2024 அக்டோபர் 23 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மாற்றியது. ஆகவே, எங்கள் கைகள் கட்டப்பட்டுள்ளன என்ற சமாதானம் இனி எந்த மாநிலத்துக்கும் எளிதாகக் கைகொடுக்காது.

இவ்விடத்தில் ஒரு மறுப்புரையைக் கருத்தில் கொள்வது நேர்மையாகும். அரசு மதுக்கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், ஆகவே அரசு விற்பதே பாதுகாப்பு என்று ஒரு சாரார் கூறுகின்றனர். பூரண மதுவிலக்கே தீர்வு என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். மதுவைத் தீமைகளின் தாயாகக் கருதும் மரபில் வந்த நமக்கு இரண்டாவது நிலைப்பாட்டின்பால் ஈர்ப்பு இருப்பது இயல்பே. ஆனால் சான்றுகள் இரு தரப்புக்கும் முழுமையாகத் துணைசெய்யவில்லை. மதுவிலக்கு நடைமுறையிலுள்ள குஜராத்தின் பொட்டாட் பகுதியில் 2022 ஜூலையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பரில், மதுவிலக்கு அமலிலுள்ள பீகாரின் சாரண் மாவட்டத்தில் பெருந்தொகையினர் இறந்தனர். அரசே கடை நடத்தும் தமிழ்நாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெத்தனால் கிடங்கிலிருந்து கசிந்தால் ஏழை சாகிறான் என்பதே இவை காட்டும் பொதுவுண்மை.

2012 செப்டம்பரில் செக் குடியரசில் இதே நஞ்சு பரவியபோது, அந்நாட்டு அரசு 20 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் கொண்ட மதுவகைகளின் விற்பனையை நாடு முழுவதும் உடனடியாக நிறுத்தியது. சரக்கு எங்கே தயாரானது என்பதற்கான சான்று இருந்தால்தான் மீண்டும் விற்கலாம் என்று விதித்தது. குடித்தவனைத் தேடிப் போவதற்கு முன் சரக்கின் வழித்தடத்தைத் தேடிப் போயிற்று. நம் நாட்டில் வழக்கம் பெரும்பாலும் நேர்மாறானது.

இஸ்லாமிய ஆட்சியியல் நூல்களைப் பயின்றோர்க்கு இங்கே ‘ஹிஸ்பா’ என்ற நிறுவனம் நினைவுக்கு வரும். கி.பி. 1058-இல் மறைந்த அல்மாவர்தீ, ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் முஹ்தஸிபின் கடமைகளை விரித்துரைக்கிறார். காழி தம்மிடம் வரும் வழக்கை விசாரிப்பவர். முஹ்தஸிபோ முறையீட்டுக்காகக் காத்திராமல் சந்தைக்குச் சென்று எடை, அளவு, கலப்படம் ஆகியவற்றைத் தாமே ஆராய வேண்டியவர். அதே வேளையில், மூடிய கதவுக்குப் பின் துருவிப் பார்ப்பது அவருக்கு விலக்கப்பட்டது. சந்தையில் விழிப்பும் இல்லத்தில் அடக்கமும் என்பதே அந்நெறி. இன்றைய நடைமுறை இதைத் தலைகீழாக்கியுள்ளது. மலையிலுள்ள குடிசைகள் நள்ளிரவில் சோதனையிடப்படுகின்றன. சமவெளிக் கிடங்கின் பதிவேடு உயிர்கள் போன பிறகே திறக்கப்படுகிறது. பழைய நிறுவனத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. முறையீடு வருமுன் ஆராயும் கடமையும், அக்கடமையை யார்மீது செலுத்துவது என்ற ஒழுங்கும் எந்த அரசுக்கும் பொருந்தும் என்பதையே கூறுகிறோம்.

சந்தையைக் கண்காணிக்க வேண்டியவரே சந்தையின் மிகப் பெரிய வணிகராக இருந்தால் என்ன நிகழும்? அரசர் வணிகத்தில் ஈடுபடுவது குடிகளுக்குக் கேடு, வரி வருவாய்க்கும் அழிவு என்று இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் ஓர் அத்தியாயமே எழுதினார். அவருடைய வாதத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட பிறகு வருவாய் அழியவில்லை; பன்மடங்கு பெருகியது. 2023-24 நிதியாண்டில் ஆயத்தீர்வையாகவும் மதிப்புக்கூட்டு வரியாகவும் கிடைத்த தொகை சுமார் 45,855 கோடி ரூபாய். அடுத்த ஆண்டில் அது 48,000 கோடியையும் கடந்தது. ஆனால் அவர் வாதத்தின் மற்றொரு பகுதி ஆழமானது. அரசு வணிகராகும்போது, குடிகளுக்கும் வணிகர்களுக்கும் இடையே நடுநிலை வகிக்கும் தகுதியை இழக்கிறது. மதுவிலக்குச் சட்டத்தின் பெயரால் வழக்குத் தொடுப்பதும் அரசு. மதுவை விற்பதும் அரசு. இவ்விரண்டும் ஒரே துறையின் பெயரிலேயே இணைந்துள்ளன: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.

வரலாற்றில் இதற்கொரு முரண் உண்டு. நாட்டிலேயே முன்னோடியாக, 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். கல்வராயன் மலையின் ஒரு பகுதி இன்றும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. கள், சாராய வருவாய் குறைவதை ஈடுகட்டவே ராஜாஜியின் அமைச்சரவை 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மீண்டும் தளர்ந்தது. இத்தனை மாற்றங்களிலும் விற்பனை வரி மட்டும் விலகவில்லை. மதுவுக்கு மாற்றாக வந்த வரியையும், மதுவின் வருவாயையும் மக்கள் ஒருசேரச் செலுத்திவருகின்றனர். அவ்வாறு செலுத்துபவர்கள், அதில் எத்தனை பங்கு மெத்தனால் கண்காணிப்புக்கும் போதை மீட்புக்கும் மலைக்கும் திரும்புகிறது என்று கேட்பது தகாத கேள்வியன்று.

மலைக்குத் திரும்புவோம். கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகிய ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 1976-இல்தான் அம்முறை முடிவுற்று மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. கருணாபுர நிகழ்வுக்குப் பின், 2024 ஜூலையில், நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அடங்கிய உயர்நீதிமன்ற அமர்வு இம்மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், குடும்ப அட்டை, வாக்குரிமை போன்ற அடிப்படைகளையே நீதிமன்றம் விசாரிக்க நேர்ந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் நீதிமன்ற ஆணையால் தடைப்பட்டுக் கிடந்தது. நிலத்தின் மீது உறுதியான உரிமையில்லாதவன் வங்கிக் கடன் பெற முடியாது. மரவள்ளிக்கு விலை சரியும்போது காத்திருந்து விற்க முடியாது. சேலத்துச் சேகோ ஆலைகள் தரும் விலையே அவனுக்கு விதி. சாராய முதலாளி கொடுக்கும் முன்பணம் அப்படிப்பட்டவனிடம்தான் செல்லுபடியாகிறது.

மலைவாசி உழைப்பைக் குற்றமாகவும், அதே பொருளை அரசின் வருவாயாகவும் காணும் போக்கு சாராயத்தோடு நிற்பதன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள். சித்தேரி மலையினரும் சவ்வாது மலைப் பகுதியினரும் அவர்களுள் பலர். அவர்கள் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட செம்மரத்தை, பறிமுதல் சரக்கு என்ற பெயரில் ஆந்திர அரசு உலகளாவிய ஏலத்தில் விற்றுவந்தது. ஏற்றுமதிக் கொள்கையை வகுத்தவர்களோ, கடல் கடந்து வாங்கியவர்களோ அந்தக் காட்டில் விழவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியையே சட்டம் எளிதில் பற்றுகிறது.

சங்கிலியின் மேற்கண்ணியையும் சட்டம் பற்ற முடியும் என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று ஒன்றுண்டு. ஒருகாலத்தில் இத்தகைய மலைகளின் கடுக்காய் வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களின் தோல் பதனிடும் கூடங்களுக்குத் தேவைப்பட்டது. நம் சமூகத்தவர் பெரும்பங்கு வகித்த தொழில் அது. பட்டையும் கடுக்காயும் பின்தள்ளப்பட்டுக் குரோமியம் வந்தபின், பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதையும், கேடு விளையுமுன் தடுக்க வேண்டும் என்பதையும் நாட்டின் சட்டமாக அறிவித்தது. தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துபவரையே சாரும் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு கூறு. அதைத் தம் பிழைப்பின் மீதான தாக்குதலாக நம்மவர் சிலர் கண்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேலை பற்றிய அவர்களின் கவலை பொய்யன்று. எனினும் பாலாற்றங்கரை உழவருக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து நம்மை விலக்கிக்கொண்டு, பிறரிடம் மட்டும் அதைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

அத்தீர்ப்பின் நெறியை மெத்தனாலுக்கு நீட்டிப்பதே நாம் முன்வைக்கும் கருத்து. இறக்குமதி செய்பவரும், சேமிப்பவரும், விற்பவரும், பயன்படுத்துபவரும் ஒவ்வொரு லிட்டரும் எங்கே சென்றது என்று மெய்ப்பிக்கும் சுமையை ஏற்க வேண்டும். கணக்கில் வராத சரக்குக்கு, மரணம் நிகழும் வரை காத்திராமல், உரிமம் பெற்றவரே விடைகூற வேண்டும். சுங்கத்தின் பதிவும் மாநில உரிமப் பதிவும் தொழிற்கூடத்தின் உற்பத்திக் கணக்கும் ஒரே இடத்தில் ஒப்பிடப்பட வேண்டும். அந்த ஒப்பீடு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மது வருவாய் இவ்வளவு என்று ரூபாயில் கணக்குக் காட்டும் கொள்கை விளக்கக் குறிப்பில், மெத்தனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு காணாமற்போயிற்று என்று லிட்டரிலும் கணக்குக் காட்ட ஒரு பக்கம் ஒதுக்குவது இயலாத செயலன்று.

ஆயுள் தண்டனைச் சட்டம் பாக்கெட் விற்றவனை அச்சுறுத்தலாம். கிடங்குச் சாவியை வைத்திருப்பவனும், அவன் பதிவேட்டில் பார்க்காமலே கையொப்பமிடும் அலுவலரும் அச்சட்டத்தால் எவ்வளவு அஞ்சுவர் என்பது ஐயத்துக்குரியது. கரியாலூரில் இன்னும் எத்தனை பேரல் ஊறலை அழித்தாலும் அந்தப் பதிவேடு சரியாகிவிடாது. கருணாபுரத்தில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை அறிவித்துள்ளது. அவர்கள் வளர்ந்து படித்து, தம் பெற்றோர் குடித்த நஞ்சு எந்த உரிமத்தின்கீழ் எந்த வாயில் வழியாக வெளியேறியது என்று கேட்கும் நாள் வரும். அதற்குரிய விடை அரசின் ஆவணங்களிலேயே இருக்க வேண்டும் என்று இப்போதே வற்புறுத்துவது, படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம் அனைவரின் கடமையாகும்.